ஒன்பது வோல்ட்

புகை அலாரத்துக்குள் ஏன் பேட்டரி இல்லை என்று மூன்று முறை கேட்டுவிட்டீர்கள். மூன்று முறையும் மறந்துவிட்டேன் என்றேன். நீங்களும் நாகரிகமாகத் தலையாட்டிக் குறித்துக்கொண்டீர்கள். மறதி எனக்குக் கொஞ்சம் உண்டுதான். அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலில் நின்று பேசிக்கொண்டிருக்கிற ஆள் நான். ஆனால் இந்த பேட்டரி விஷயத்தில் நான் எதையும் மறக்கவில்லை. முதலிலிருந்து சொல்கிறேன். நடுவில் கேள்வி கேட்காதீர்கள், கோர்வை விட்டுப்போகும்.

பேட்டரியைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் மதர்போர்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தீயணைப்புத் துறைக்காரரான உங்களுக்கு அது எங்கள் முன் அறை மேசையில் கிடந்த கரித்துண்டு. எங்களுக்கு அதுதான் பதினோரு வருடச் சோறு. நானும் தம்பியும் மதர்போர்டுகளைச் சோதித்து மதிப்பாய்வு எழுதி வந்தோம். கம்ப்யூட்டரைத் திறந்தால் உள்ளே எல்லாவற்றையும் தாங்கிப் பிடித்திருக்குமே, அந்தப் பலகை. எங்களுக்கு வந்தவை வீட்டுக்கு வாங்குகிற போர்டுகள் அல்ல, ஓவர்க்ளாக் செய்கிறவர்களுக்கென்றே செய்தவை. கம்ப்யூட்டரின் மூளையான ப்ராசஸரைச் செய்த கம்பெனி, இவ்வளவு வேகம் போதும் என்று ஒரு கோடு போட்டிருக்கும். அந்தக் கோட்டைத் தாண்டி ஓட்டிப் பார்ப்பதுதான் ஓவர்க்ளாக். வேகத்தைக் கூட்டினால் வோல்ட்டைக் கூட்ட வேண்டும், வோல்ட்டைக் கூட்டினால் சூடு கூடும். எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்தவன்தான் கெட்டிக்காரன். தம்பிக்கு அது தெரிந்திருந்தது.

அவன் அளப்பான், நான் எழுதுவேன். மதிப்பாய்வின் கீழே இரண்டு பேர் பெயரும் இருக்கும். வாசகர்கள் அவன் பெயரை மட்டும்தான் படித்தார்கள். அவனுக்குக் கைராசி என்று சொல்லிக்கொண்டார்கள். வேறு யார் கையிலும் மண்டையைப் போட்டுவிடுகிற போர்டு இவன் கைக்கு வந்தால் ஓடுமாம். "அந்தக் கைராசிக்காரர் சொன்னா வாங்கலாம்" என்று எழுதுவார்கள். நான் எழுதிய வாக்கியங்களை எடுத்துப்போட்டே அவனைத் தலையில் தூக்கிவைத்து ஆடுவார்கள். எனக்கு அதில் வருத்தம் இல்லை. இருந்தால் சொல்லிவிடுவேன், இனிமேல் மறைத்து என்ன ஆகப்போகிறது.

என் தம்பியை நான் எவ்வளவு நேசித்தேன் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். என் கல்யாணம் ஒன்பது மாதம்தான் நீடித்தது. ஒரு நாள் காலையில் பெட்டியோடு வந்து அந்த மூன்றாம் மாடிக் கதவைத் தட்டினேன். தம்பி பல் துலக்கிக்கொண்டே திறந்தான். ஏன், என்ன, எத்தனை நாளைக்கு என்று ஒரு கேள்வி இல்லை. பெட்டியை வாங்கி உள் அறையில் வைத்தான். "அக்கா, டீ போடவா?" என்றான். உள் அறையை எனக்குக் கொடுத்துவிட்டு அன்றிலிருந்து முன் அறையில், போர்டுகளுக்கு நடுவில் படுத்தான். அப்படிப்பட்டவனுக்கு யாராவது கெடுதல் நினைப்பார்களா?

மீட்டர் அப்பாவுடையது. அப்பா ரேடியோ, டிவி ரிப்பேர் செய்தவர். மஞ்சள் நிற மீட்டர், மூலையில் ஒரு கீறல். ஒருமுறை அப்பா அதைக் கீழே போட்டதில் திரையின் ஒரு ஓரம் மட்டும் செத்துவிட்டது. பேட்டரி தீரப்போகிறது என்று காட்டுகிற சின்னம் அந்த ஓரத்தில்தான் வர வேண்டும். மற்ற எண்களெல்லாம் பளிச்சென்று தெரியும். தம்பி எத்தனையோ நல்ல கருவிகள் வாங்கினான், இந்த மீட்டரை மட்டும் மாற்றவில்லை. "அப்பா மீட்டர் பொய் சொல்லாது" என்பான்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கம்ப்யூட்டர் திரையில் வருகிற வோல்ட் எண்ணை நம்பக் கூடாது. அது போர்டு தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்கிற எண். நாம் ஒன்று கேட்டால் போர்டு வேறொன்று கொடுக்கும், கேட்டதைக் கொடுத்துவிட்டேன் என்றும் சொல்லும். அதனால் உயர்ந்த போர்டுகளில் ஓரமாகச் சின்னச் சின்ன உலோகப் புள்ளிகள் வைத்திருப்பார்கள். மீட்டரின் முனையை அங்கே வைத்துத் தொட்டுப் பார்த்தால்தான் உண்மை தெரியும். தம்பி அந்த எண்ணை மட்டுமே ஒப்புக்கொள்வான்.

போர்டில் இரண்டு இலக்கம் காட்டுகிற ஒரு குட்டித் திரையும் இருக்கும். எங்கே சிக்கல் என்பதை எண்ணாகச் சொல்லும். ஐம்பத்தைந்து வந்தால் நினைவகத்தைக் காணோம் என்று அர்த்தம். எங்கள் வீட்டில் அது ஒரு கேலி. நான் சாவியை மறந்துவிட்டு மாடிப்படியில் திரும்பி ஏறினால், "என்னக்கா, அம்பத்தஞ்சா?" என்று உள்ளிருந்தே சிரிப்பான். இப்போது அதைச் சொல்ல யாரும் இல்லை. நேற்று சாவி இல்லாமல் அந்தக் கருகிய கதவு முன்னால் போய் நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை.

முதல் தடவை நடந்தது தற்செயல். போன வருடம் புகை அலாரம் கீச் கீச்சென்று கத்த ஆரம்பித்தது. பேட்டரி தீரப்போகிறது என்று பொருள். ஒன்பது வோல்ட் பேட்டரி, சின்னச் செவ்வகம். புதிதாக ஒன்று வாங்கி அலாரத்தில் போட்டேன். அதே வாரம் மீட்டரும் அடியோடு அணைந்துவிட்டது. அதற்கும் அதே ஒன்பது வோல்ட்தான். கழற்றிய பழைய பேட்டரி கையிலேயே இருந்தது. எறிவானேன் என்று அதை மீட்டருக்குள் போட்டேன். மீட்டருக்கு உயிர் வந்தது. பாருங்கள், சிக்கனமான பெண் செய்கிற காரியம்தான்.

தீரப்போகிற பேட்டரி போட்ட பழைய மீட்டர் நின்றுவிடாது. கூடுதலாகக் காட்டும், அவ்வளவுதான். ஒன்று புள்ளி மூன்று வோல்ட் இருந்தால் ஒன்று புள்ளி நான்கு என்று சொல்லும். தம்பி அந்த நான்கை நம்பினான். போர்டுக்கு உண்மையில் வோல்ட் போதவில்லை, நடுவில் நின்று நின்று போனது. இந்த போர்டு தாங்காது என்று அவன் சொன்னான், நான் எழுதினேன். அடுத்த வாரம் மற்ற எல்லோரும் அதே போர்டை அதே வோல்ட்டில் நாள் முழுக்க ஓட்டிக் காட்டினார்கள். நாங்கள் மன்னிப்புக் கேட்டு மதிப்பாய்வைத் திருத்த வேண்டி வந்தது.

அன்று சாயங்காலம் தம்பி என் அறைக்கு வந்தான். வருடக்கணக்காக அவன் என் அறைக்குள் வந்து உட்கார்ந்ததில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அக்கா, நாளைலேர்ந்து நான் அளக்கறப்ப நீ பக்கத்துல உக்காரு. முனைய சரியா வெக்கறேனான்னு தெரியல. கை நடுங்குதோ என்னமோ."

அவன் கை நடுங்கவில்லை. அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது, என்ன நடந்திருக்கிறது என்று. ரிப்பேர்க்காரரின் மகள் இல்லையா நான். சொல்லலாம் என்றுதான் வாயெடுத்தேன். ஆனால் மறுநாள் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒவ்வொரு எண்ணையும் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தான். மதிப்பாய்வை நான் எழுதி முடித்ததும், பல வருடங்களுக்குப் பிறகு, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்தான். "நல்லா எழுதறக்கா நீ" என்றான். நான் குளியலறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன். அந்த வாரம் சொல்லவில்லை. அடுத்த வாரமும் சொல்லவில்லை. பிறகு அந்த பேட்டரியும் செத்தபோது, பாதி தீர்ந்த இன்னொன்றைத் தேடிப் போட்டேன்.

பத்து மாதம். அதற்குள் ஐந்து மதிப்பாய்வுகளைத் திரும்பப் பெற்றோம். கைராசி போய்விட்டது என்று எழுதினார்கள். சிலர் வாய்க்கு வந்தபடி எழுதினார்கள், அவற்றை நான் அவன் கண்ணில் படாமல் அழித்தேன். கண் டாக்டரிடம் போனான். நரம்பு டாக்டரிடம் போனான். இரண்டு பேரும் ஒன்றுமில்லை என்றார்கள். ஒன்றுமில்லை என்றால் மனசில்தான் கோளாறு என்று எடுத்துக்கொண்டான். பல்பு மாற்றக்கூட, "நீயே மாத்திடுக்கா, என் கை பட்டா வெளங்காது" என்று விலகி நின்றான். சாப்பிடும்போது டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வான். முப்பத்திரண்டு வயது. பார்க்கப் பார்க்க எனக்கு நெஞ்சு வெடித்துவிடும்போல இருந்தது. ஆனாலும் ஒரு விஷயம், அந்தப் பத்து மாதமும் நாங்கள் மூன்று வேளையும் சேர்ந்துதான் சாப்பிட்டோம்.

என்னதான் செய்தாலும் திறமை இருக்கிறதே, அது வழி தேடிக்கொள்ளும். ஒரு நாள் மீட்டரைத் திருப்பியபோது முதுகில் ஒரு சின்னச் சீட்டு ஒட்டியிருந்தது. தம்பியின் கோழிக்கிறுக்கல். 'என் கைக்கு 0.1 கூட்டு.' அவ்வளவுதான். தான் அளப்பதெல்லாம் இந்த அளவு பிசகுகிறது என்று கண்டுபிடித்திருக்கிறான். பிசகு தன் கையில் என்று முடிவு செய்திருக்கிறான். மீட்டரைச் சந்தேகிக்கவில்லை. அப்பா மீட்டர் அல்லவா. அதனால் ஒன்று புள்ளி நான்கு வேண்டுமென்றால், மீட்டரில் ஒன்று புள்ளி ஐந்து வரும்வரை ஏற்றிவிடுவான். உண்மையில் நான்குதான் போகும். கணக்கு நேராகிவிட்டது.

நான் அந்தச் சீட்டைப் படித்தேன். இதை அடிக்கோடு போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். படித்துவிட்டு மீட்டரை இருந்த இடத்திலேயே வைத்தேன்.

அதன்பிறகு வந்த நான்கு மதிப்பாய்வுகள் மயிரிழை பிசகவில்லை. போர்டு செய்கிற ஒரு கம்பெனியின் தலைமை வடிவமைப்பாளர் அவனுக்குக் கடிதம் எழுதினார். எங்கள் சோதனைக்கூடத்தின் எண்களைவிட உங்கள் எண்கள் சுத்தமாக இருக்கின்றன, இங்கே வந்து வேலை செய்ய முடியுமா என்று. வேறு நாடு. இன்னும் சந்தைக்கு வராத போர்டு ஒன்றையும் அனுப்பியிருந்தார். அதை இருபத்துநான்கு மணி நேரம் நிற்காமல் ஓட்டி அறிக்கை கொடுத்தால் வேலை உறுதி.

தம்பி கடிதத்தை என்னிடம் வாசித்துக் காட்டினான். "அக்கா, கை சரியாயிடுச்சுக்கா" என்றான். பிறகு, "உனக்கு மாசாமாசம் போன் பண்ணுவேன், வருஷத்துக்கு ஒரு தடவ வந்துடுவேன்" என்றான். மாதம் ஒரு தடவை. நான் சிரித்த முகமாக இருந்தேன். போய் வா ராஜா என்றேன். உள்ளுக்குள் என்ன நடந்தது என்று உங்களுக்குச் சொன்னால் புரியுமா தெரியவில்லை. வெறும் வீட்டைத்தான் நான் பார்த்தேன்.

அந்த போர்டு அழகு, அதையும் சொல்லிவிடுகிறேன். கன்னங்கரேல் என்று, கையில் வைத்தால் நல்ல கனம். நினைவகத்துக்கு இரண்டே இரண்டு இடம், ப்ராசஸருக்கு ஒட்டினாற்போல. ஆசைக்காக ஒரு விளக்குகூட வைக்கவில்லை. அளக்கும் புள்ளிகளை விரல் இடிக்காமல் வரிசையாக வைத்திருந்தார்கள். அளவு மீறினால் தானாக நின்றுவிடுகிற பாதுகாப்புகளை அணைக்க ஓரத்தில் ஒரு சின்ன ஸ்விட்ச். அவற்றை அணைத்துவிட்டு, சரியாக ஒன்று புள்ளி ஐந்து வோல்ட்டில் ஓட்ட வேண்டும் என்பது கம்பெனியின் நிபந்தனை. அதற்கு மேல் ஒரு துளி போனாலும் பொறுப்பில்லை என்று எழுதியிருந்தார்கள். தம்பி போர்டை அது வந்த அட்டைப்பெட்டியின் மேலேயே வைத்தான். எங்கள் தொழிலில் எல்லோரும் அப்படித்தான் வைப்பார்கள். அட்டையில் மின்சாரம் பாயாது, உயரமும் தோதாக இருக்கும். எரியும் என்று யாரும் யோசிப்பதில்லை.

அன்று காலை அவன் குளிக்கப் போனபோது மீட்டரைத் திறந்தேன். பழைய பேட்டரியை எடுத்துக் குப்பையில் போட்டேன். நாற்காலியில் ஏறி, புகை அலாரத்திலிருந்த நல்ல பேட்டரியைக் கழற்றி மீட்டரில் போட்டேன். பத்து மாதம் கழித்து அந்த மீட்டருக்கு நான் ஒரு நல்ல காரியம் செய்தேன். அன்று அது உண்மையைத்தான் சொன்னது. பொய் சொன்னது அந்தச் சீட்டு மட்டும்.

தம்பி ஒன்பது மணிக்கு ஆரம்பித்தான். முனையைப் புள்ளியில் வைத்து, ஒன்று புள்ளி ஆறு வரும்வரை ஏற்றினான். தன் கைக்கு வேண்டிய அந்த 0.1-ஐச் சேர்த்துத்தான். இரண்டு மணி நேரம் ஓடியது. பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். அவன் குளிர்விப்பான் தகட்டின் மேல் விரலை வைத்துப் பார்த்தான். மறுபடியும் வைத்தான்.

"அக்கா, சூடு ஜாஸ்தியா இருக்காப்ல தெரியுது கைக்கு."

"உன் கைக்கா?" என்றேன். "மீட்டர் என்னடா சொல்லுது?"

பார்த்தான். "ஒண்ணு புள்ளி ஆறு. சரியாத்தான் இருக்கு." சிரித்துக்கொண்டான். "கைய நம்பினா நான் உருப்பட்ட மாதிரிதான்."

அவன் கைதான் சரி. அந்த அறையில் உண்மை பேசியது அது ஒன்றுதான். சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை போதும்.

தயார் செய்கிற வேலையில் இரண்டு நாளாகச் சரியான தூக்கமில்லை அவனுக்கு. கண் செருகியது. நீ போய் என் கட்டில்ல படுடா, நான் பாத்துக்கறேன் என்றேன். "பாத்துக்கறியா? அம்பத்தஞ்சு ஆயிடப்போகுது" என்றான். ஆகாது என்றேன். உள் அறைக்குப் போனான். மின்விசிறிகளின் இரைச்சல் கேட்கக் கூடாது என்று நான்தான் கதவைச் சாத்தினேன். அந்த அறையிலிருந்து வெளியே வர முன் அறை வழியாகத்தான் வர வேண்டும் என்று உங்கள் அறிக்கையில் எழுதியிருக்கிறீர்கள், சரிதான்.

பதினொன்றரைக்குக் கைப்பையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். பூங்காவில் உட்கார்ந்து ஒரு பன் சாப்பிட்டேன். ஒரு மணிவாக்கில் உங்கள் வண்டிச் சத்தம் கேட்டது. எங்கள் தெருப்பக்கம் திரும்பியது. மீதி பன்னைக் காகிதத்தில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டேன்.

என் கம்ப்யூட்டரில் மதிப்பாய்வின் வரைவைப் பார்த்திருப்பீர்கள். 'மின்சாரம் வழங்கும் பகுதி தாங்கவில்லை, எங்கள் மேசையில் கருகியது' என்று முடிகிறது. அது காலை ஏழு மணிக்குச் சேமித்தது என்று சொன்னீர்கள். ஆமாம். முடிவு தெரிவதற்கு முன்பே மதிப்பாய்வை எழுதிவைப்பது எங்கள் தொழிலில் பெரிய தப்பு. பதினோரு வருடத்தில் நான் அதைச் செய்தது அன்றைக்கு மட்டும்தான். அதற்கு நான் வெட்கப்படுகிறேன்.

என் கைப்பையைச் சோதித்தபோது பிரிக்காத ஒன்பது வோல்ட் பேட்டரி ஒன்று கிடைத்ததே, அது அலாரத்துக்காக முந்தின நாளே வாங்கியது. நாற்காலியில் ஏறி நின்றபோதே போட்டிருக்கலாம். சாயங்காலம் போட்டுக்கொள்ளலாம் என்று வைத்திருந்தேன். காரணம் சாதாரணமானது. அலாரம் கத்தினால் தம்பி எழுந்து ஓடிவந்து போர்டைக் காப்பாற்றிவிடுவான். செத்துப்போன போர்டைக்கூடப் பிழைக்கவைக்கிற கை அவனுக்கு. எனக்கு அந்த போர்டு மிச்சமில்லாமல் எரிய வேண்டியிருந்தது, அவ்வளவுதான். எரிந்துவிட்டால் அறிக்கை இல்லை, வேலை இல்லை, பயணம் இல்லை. அவன் மறுபடியும் என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கையைப் பார்ப்பான். நான் ஆறுதல் சொல்வேன். ராத்திரிச் சாப்பாட்டுக்கு இரண்டு முட்டைகூட எடுத்துவைத்திருந்தேன்.

ஆகவே முன்பு சொன்னதை அடித்துவிட்டுத் திருத்தி எழுதிக்கொள்ளுங்கள். பேட்டரியை நான் மறக்கவில்லை. தம்பி உள்ளே தூங்கிக்கொண்டிருந்ததைத்தான் மறந்துவிட்டேன். மறதி எனக்குக் கொஞ்சம் உண்டு.